அம்பை மட்டும் படம் பிடிக்கிறீர்கள்

பண்ணைகளுக்குள்ளும் இறைச்சிக்கூடங்களுக்குள்ளும் ரகசியக் கேமராவோடு போகிறவர்களுக்கும், அந்தக் காட்சிகளைக் கோத்துப் படமாக்குகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் சப்டைட்டில் எழுதுகிறவன். உங்கள் படங்களில் ஏழெட்டுக்குத் தமிழ் வரிகள் போட்டிருக்கிறேன். காசு வாங்காமல், ராத்திரிகளில் உட்கார்ந்து. படம் பார்க்கிறவர்கள் ஒரு காட்சியை ஒரு முறை பார்ப்பார்கள், தாங்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. வரி எந்த நொடியில் ஏற வேண்டும், எந்த நொடியில் இறங்க வேண்டும் என்று பிடிப்பதற்கு ஒரே காட்சியைப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டியாக வேண்டும். பன்றி தன் அலறலுக்கு நடுவே எங்கே மூச்சு வாங்குகிறது என்பதுகூட மனப்பாடம் ஆகிவிடும்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு காட்சிதான் இந்த மடலை எழுத வைக்கிறது. நாற்பது வினாடி. லாரியில் ஏற்றும் சரிவுப் பலகையின் நடுவில் ஒரு பன்றி நின்றுவிடுகிறது. பின்னால் ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளைஞன். முதலில் கையால் தள்ளுகிறான், அப்புறம் முழங்காலால். அது அசையவில்லை. இடுப்பிலிருந்து மின்சாரத் தார்க்குச்சியை உருவி அதன் முகத்திலேயே வைக்கிறான். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. வெளியான படத்தில் இந்த இடத்தில் இசை ஏறுகிறது, காட்சி மெதுவாகிறது, அந்த இளைஞனின் முகத்தில் போய் உறைந்து நிற்கிறது.

எனக்கு இசை சேர்க்காத பிரதியும் வந்திருந்தது. ஹெட்ஃபோனில் மூன்றாவது முறை கேட்கும்போதுதான் கவனித்தேன். முதல் ஷாக்குக்கு முன்னால், கேமராவுக்கு எட்டாத தூரத்திலிருந்து ஒரு குரல்: "இன்னும் எத்தனை இருக்கு? லாரி இருபது நிமிஷம் லேட்டு." இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அதே குரல், இன்னும் சத்தமாக: "அங்கே என்னடா பண்ணிட்டிருக்கே?" நீங்கள் எனக்கு அனுப்பிய ஸ்கிரிப்ட்டில் அந்த இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. பின்னணிச் சத்தம்.

எய்தவன் ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறான். அவனுக்கு நாம் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அந்த இளைஞனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தார்க்குச்சியை எடுத்தவன் அவன்தான், அந்த வலிக்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் படம் வெளியான பிறகு என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நிறுவனத்திடமிருந்து ஓர் அறிக்கை வரும். அதிர்ச்சியடைந்தோம், இப்படிப்பட்ட செயலை எங்கள் கொள்கை துளியும் பொறுக்காது, சம்பந்தப்பட்ட ஊழியர்களை நீக்கிவிட்டோம், ஓரிரு கருப்பு ஆடுகள் செய்த வேலை இது. (சாக்குச் சொல்வதற்கும் ஒரு ஆடுதான் கிடைக்கிறது.) இந்த அறிக்கையை மூலத்தைப் பார்க்காமலே என்னால் மொழிபெயர்த்துவிட முடியும், அத்தனை முறை எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கைக்கு வேண்டிய குற்றவாளியை, முகத்தோடு, குளோஸப்பில் எடுத்துக் கொடுப்பது நாம்தான்.

உங்கள் வேலையின் பலன் தெரியாமல் பேசவில்லை. 2007 கடைசியில் கலிஃபோர்னியாவின் சீனோ என்ற ஊரில் ஓர் இறைச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் எடுத்த காட்சிகள், 2008 தொடக்கத்தில் வெளியாயின. எழுந்து நிற்கவே முடியாத மாடுகளை ஃபோர்க்லிஃப்டால் உருட்டுகிறார்கள், ஷாக் வைக்கிறார்கள், மூக்கில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் 14.3 கோடி பவுண்டு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்கா அதுவரை அவ்வளவு பெரிய அளவில் திரும்பப் பெற்றதில்லை. 2009ல், நிற்க முடியாத வளர்ந்த மாடுகளை வெட்டவே கூடாது என்று விதி வந்தது. ஒரு சட்டைப் பொத்தான் அளவுக் கேமரா செய்த காரியம். ஆனால் அந்த வழக்கில் கிரிமினல் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் யார் என்று பாருங்கள். தொழுவத்தில் நின்று வேலை பார்த்த இரண்டு பேர். நிற்க முடியாத மாட்டையும் எப்படியாவது நிற்கவைத்தால்தான் கணக்கு நேராகும் என்ற நிலைமையை அவர்களா உண்டாக்கினார்கள்?

உங்களை எதிர்ப்பவர்களுக்கு இந்த விஷயம் நம்மைவிட நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பண்ணைக்குள் ரகசியமாகப் படம் எடுப்பதைத் தடுக்க அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வந்த வாய்ப்பூட்டுச் சட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐடஹோவில் ஒரு பால்பண்ணைக் காட்சி 2012ல் வெளியானது; 2014ல் பண்ணைக்குள் அனுமதியில்லாமல் படம் எடுப்பதையே குற்றமாக்கினார்கள். அதில் முக்கியமான பகுதிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. யூட்டாவின் சட்டம் 2017ல் விழுந்தது, அயோவாவின் முதல் சட்டம் 2019ல். இவையெல்லாம் முரட்டுத்தனமான சட்டங்கள், அதனால்தான் விழுந்தன. என்னைக் கேட்டால் மிசௌரி 2012ல் செய்ததுதான் சாமர்த்தியம். பண்ணையில் கொடுமையைப் படம் எடுத்த ஊழியர் 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறையிடம் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். கேட்க எவ்வளவு நல்லதாக இருக்கிறது! முதல் நாளே கொடுத்துவிட்டால் முதல் நாளோடு வேலையும் போகும். கையில் இருப்பது ஒரு நாள், ஒரு ஆள், ஒரு அடி. "இது தனிப்பட்ட சம்பவம்" என்று சொல்லி முடித்துவிடலாம்.

இதற்காகத்தானே நீங்கள் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறீர்கள்? விடிவதற்கு முன்னால் எழுந்து, அதே சாணத்தில் நின்று, அதே கூலிக்கு, சில சமயம் நீங்களே அந்தக் கோழிகளைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டு. "பார்த்த உடனே ஏன் புகார் கொடுக்கவில்லை" என்று கேட்பவர்களுக்கு நீங்கள் சொல்லும் பதில், ஒரு நாளோ ஒரு ஆளோ இல்லை, இது தினசரி நடைமுறை என்று காட்டத்தான் இத்தனை நாள் இருந்தோம் என்பது. சரியான பதில். அப்படியென்றால், மூன்று மாதக் காட்சியை எடிட்டிங் மேசையில் போட்டு மறுபடியும் ஒரே ஆளின் முகமாகச் சுருக்குவது எதற்கு? மிசௌரி சட்டம் செய்ய நினைத்ததை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

இது புதுச் சிக்கலும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1904ல் சிகாகோ இறைச்சிக்கூடங்களில் சுமார் ஏழு வாரம் சுற்றி, அங்கே தொழிலாளி எப்படிச் சக்கையாகப் பிழியப்படுகிறான் என்று எழுதினார். 'தி ஜங்கிள்' 1906ல் புத்தகமாக வந்தது. படித்தவர்கள் தொழிலாளியைப் பார்க்கவில்லை, தங்கள் தட்டைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதமே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்துவிட்டது. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே நொந்துகொண்டார். அவர் தொழிலாளிக்காக உள்ளே போனார், தொழிலாளி காணாமல் போனான். நீங்கள் விலங்குக்காக உள்ளே போகிறீர்கள், தொழிலாளி வில்லனாக வெளியே வருகிறான்.

வேகத்தைப் பற்றி உங்கள் படங்களில் இவ்வளவு குறைவாக வருவது எனக்கு ஆச்சரியம். அமெரிக்கக் கோழி ஆலைகளில் ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 140 கோழி வரை ஓட்டலாம். விதிவிலக்கு வாங்கிய ஆலைகளில் 175. நொடிக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் ஒரு கோழியின் கால் சரியாக மாட்டியிருக்கிறதா, இறக்கை முறிந்திருக்கிறதா என்று எந்தக் கை பார்க்கும்? வரிசையை விட்டு நகர முடியாமல் கழிப்பறைக்குப் போக விடப்படாத தொழிலாளர்கள் டயப்பர் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள் என்று ஆக்ஸ்ஃபாம் அமெரிக்கா என்ற தொண்டு அமைப்பு 2016ல் அறிக்கை வெளியிட்டது. இறக்கை முறிவதும் டயப்பர் கட்டுவதும் ஒரே பெல்ட்டில் நடக்கிற சங்கதிகள். பன்றி ஆலைகளுக்கு மணிக்கு 1,106 பன்றி என்றிருந்த உச்சவரம்பை 2019ல் புதிய பரிசோதனை முறைக்கு மாறும் ஆலைகளுக்கு எடுத்துவிட்டார்கள். 2021ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. அந்த வழக்கைப் போட்டது தொழிலாளர் சங்கம்.

கண்காணிப்புக் கேமரா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உங்களில் உண்டு. இங்கிலாந்தில் 2018 முதல் இறைச்சிக்கூடங்களில் உயிரோடு விலங்குகள் இருக்கும் எல்லா இடங்களிலும் கேமரா கட்டாயம். பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும், அரசுக் கால்நடை மருத்துவர் கேட்டால் காட்ட வேண்டும். ஸ்பெயினும் 2022ல் இதைக் கொண்டுவந்தது. வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவரில் மாட்டிய கேமராவும் அதே கையைத்தான் பார்க்கும். இன்றைக்கு எத்தனை உருப்படி என்று முடிவாகிற அறையில் கேமரா கிடையாது.

வேறு மாதிரி எடுக்க முடியும் என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று இருக்கிறது. முட்டைக்கோழிக் குஞ்சுகளில் ஆண் குஞ்சுகளைப் பிறந்த அன்றே பெல்ட்டில் அனுப்பி இயந்திரத்தில் அரைக்கும் காட்சி 2009ல் அயோவாவிலிருந்து வந்ததே, அதில் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்க மாட்டார். பெல்ட் ஓடுகிறது, மஞ்சள் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். அது துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை. ஆளை நீக்கிவிட்டோம் என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜெர்மனி 2022 தொடக்கம் முதல் அந்த வழக்கத்தையே தடை செய்திருக்கிறது.

இன்னொன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து மத்தியக் கிழக்குக்கு ஆடு ஏற்றிப்போன அவாஸி எக்ஸ்பிரஸ் கப்பல். பயிற்சியில் இருந்த ஓர் இளம் கப்பல் அதிகாரி 2017 பயணங்களில் தன் கேமராவில் எடுத்தது. ஒரே பயணத்தில் சுமார் 2,400 ஆடுகள் வெப்பத்தில் செத்தன. அந்தக் காட்சிகளில் மனதில் நிற்பது அடிக்கிற கை இல்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் தலைகளும், தங்கள் கழிவிலேயே புதைந்துகொண்டிருக்கும் கால்களும்தான். 2028 மே முதல் நாளிலிருந்து செம்மறி ஆடுகளை உயிரோடு கப்பலில் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2024ல் ஆஸ்திரேலியா சட்டம் போட்டது. அந்த இளைஞர் உங்கள் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே வேலை பார்த்தவர். சம்பளத்துக்குப் போனவர், பொறுக்க முடியாமல் எடுத்தவர்.

உங்களுக்கு இவரைப் போன்றவர்கள் வேண்டும். ஒவ்வொரு ஆலையிலும் உங்கள் ஆளை வேலைக்குச் சேர்க்க முடியாது. உள்ளே ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். பல நாடுகளில் அவர்கள் பிழைக்க வந்தவர்கள், மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கள், வேலை போனால் மறுநாளே நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கலாம். உங்கள் படத்தில் தன்னைப் போல் ஒருவன் முகம் உறைந்து நிற்பதைப் பார்த்த பிறகு, அவர்களில் யார் உங்களை நம்பிப் போனை நீட்டுவார்?

அதனால் கேட்கிறேன். அடிக்கிற கையைக் காட்டுங்கள், முகத்தை மறையுங்கள். பெயரும் முகமும் விசாரிக்கிறவர்களிடம் போகட்டும், ஊருக்கு வேண்டாம். சட்டைப் பொத்தானில் இருக்கும் கேமரா எதிரில் நிற்பதைத்தான் பார்க்கும், மேலாளர் சாணத்துக்குள் இறங்கி வருவதில்லை, புரிகிறது. ஆனால் சுவரில் கடிகாரம் இருக்கிறது. அன்றைய எண்ணிக்கையைச் சாக்பீஸால் எழுதிய பலகை இருக்கிறது. பிடித்தம் போட்ட சம்பளச் சீட்டு உங்கள் சொந்தப் பையிலேயே இருக்கிறது, அது உங்கள் பெயரில் வந்ததுதானே? அதையெல்லாம் எடுங்கள். காட்சியை மெதுவாக்காதீர்கள், அந்த வேகம்தான் சாட்சியம், அதை நீங்களே குறைத்துவிட்டால் எப்படி? இசையும் வேண்டாம். அதற்கு அடியில் என்னென்ன குரல்கள் புதைந்துகிடக்கின்றன என்று ஹெட்ஃபோன் போட்டவனுக்குத்தான் தெரியும்.

உங்கள் அடுத்த படத்தின் பிரதி என்னிடம் வந்திருக்கிறது. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு கன்றை இழுத்துப்போகும் காட்சி. ஸ்கிரிப்ட்டில் பின்னணிச் சத்தம் என்றுதான் போட்டிருக்கிறது. நான் கேட்டுவிட்டேன். "அது நடக்கிற வரைக்கும் காத்திருக்க உனக்கு யார் சம்பளம் தர்றது?" என்று ஒருவர் கேட்கிறார். திரையில் மூன்று வினாடி இடம் இருக்கிறது, வரி அழகாக உட்காரும். போடட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் சப்டைட்டில்காரன்