தத்துவப் பேராசிரியர்களுக்கு, கடைசி வரிசையிலிருந்து

மதிப்பிற்குரிய தத்துவப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் தத்துவம் படித்தவன் இல்லை. பொதுமக்களுக்கு என்று நீங்கள் நடத்தும் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறவன்.

அப்படி ஒரு கூட்டத்தில் கேள்வி கேட்க எழுந்தேன். அம்மாவுக்கு மறதி நோய். என்னைப் பார்த்து “சாப்பிட்டியாண்ணா?” என்கிறார். மகனை மறந்துவிட்ட இவர் இன்னும் என் அம்மாதானா? மைக்கைப் பிடித்த கை நடுங்கியது. மேடையில் இருந்தவர் சிரித்தபடி, “பெரிய விவாதம் இது. முதலில் லாக்கைப் படித்துவிட்டு வாருங்கள்” என்றார். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

சரி, படித்தேன். உடல் அதேதான் என்பதால் ஆளும் அதே ஆகிவிடாது, பழைய செயல்களைத் தன்னுடையவை என்று உணர்கிற வரைதான் ஒருவர் அதே ஆள் என்று 1694இல் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் எழுதியிருக்கிறார். புத்தகத்தை மூடிவிட்டேன். முன்னூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் என் அம்மாவின் பெயரை அடித்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

லாக்கை மறுத்த ஸ்காட்லாந்துத் தத்துவஞானி தாமஸ் ரீடை நானாகத்தான் தேடிப் பிடித்தேன். 1785இல் அவர் ஒரு கதை சொல்கிறார். தோட்டத்தில் திருடி அடி வாங்கிய பையன் வளர்ந்து, போரில் எதிரியின் கொடியைப் பறிக்கிறான். அப்போது அந்த அடி நினைவிருக்கிறது. வயதாகித் தளபதியானபோது, கொடி பறித்தது நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக் சொல்கிறபடி பையனும் வீரனும் ஒரே ஆள், வீரனும் தளபதியும் ஒரே ஆள், ஆனால் பையனும் தளபதியும் வேறு வேறு ஆள். கணக்கு உதைக்கிறதே என்கிறார் ரீட். என் கேள்வி இதோடு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன். மேடையிலிருந்து இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

தத்துவத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் உடனே கணினிக்குப் போய்விடுகிறீர்கள். ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் 1854இல் எழுதிய தர்க்கம்தான் இன்று அதற்குள் ஓடுகிறது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் கேட்டவர் கணினி வாங்க வரவில்லையே.

1643இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத், 24 வயதில், மனமும் உடலும் வேறு வேறு என்று சொன்ன பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டுக்குக் கடிதம் எழுதினார். உருவமே இல்லாத மனம் உடலை எப்படி அசைக்கும்? இதைப் படி, அதைப் படி என்று டெக்கார்ட் தள்ளிவிடவில்லை, பதில் எழுதினார். பதில் போதவில்லை என்று எலிசபெத் சொன்னதும் திரும்ப எழுதினார். அதுவும் தேறவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் கடிதப் போக்குவரத்து டெக்கார்ட்டின் கடைசிக் காலம் வரை நிற்கவில்லை. (இளவரசி என்பதால் பதில் வந்தது என்பீர்கள். அதுவும் சரிதான்.)

அப்புறம், இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. அம்மா அண்ணா என்று கூப்பிட்டால் நான் அண்ணனாகவே பேசுகிறேன். மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அதைச் சொன்னால், சாவுச் செய்தியை அன்றுதான் கேட்டதுபோல அழுகிறார். கொலைகாரன் வந்து கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1797இல் எழுதியதைப் படித்துவிட்டேன், அதனால் என்னைத் திரும்ப அனுப்ப வேண்டாம். “ஆச்சும்மா, நீ சாப்பிடு” என்று தினமும் சொல்கிறேனே, அது பொய்யா?

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன்