கரண்டு வந்த பிறகு நடந்தது

முட்டம்,
ஐப்பசி

அன்பு மக்கா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் என் தொட்டிதான். நீயும் கடல் தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னாயே, அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன வாரம் காற்றும் மழையுமாக அடித்து இரவு எட்டரைக்குக் கரண்டு போனது. எங்கள் இரண்டு அறை வீட்டில் கட்டிலுக்கும் அடுக்களைக்கும் நடுவில்தான் அந்த மூன்றடித் தொட்டி. பேட்டரி ஏர் பம்பும் ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் குளிர்ந்துவிடும் என்ற கவலை நம்ம ஊரில் இல்லை. ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் குறையும், அதுதான் பயம்; வெதுவெதுப்பான தண்ணீரில் அது முதலிலேயே கொஞ்சம்தான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என் வீட்டுக்காரியும் நானும் மாறி மாறி மக்கில் மோந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

விடியற்காலை நாலரைக்குக் கரண்டு வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன், அங்கேதான் கோட்டை விட்டேன். பூ மாதிரி விரிந்து பாறையில் ஒட்டி வாழும் உயிரான கடல் சாமந்தி, ஓட்டமில்லாத இருட்டில் பாறையை விட்டு நகர்ந்து, தண்ணீரை ஓட வைக்கும் மோட்டார் விசிறியான வேவ்மேக்கர் மேல் ஏறியிருக்கிறது. மோட்டார் சுழன்றதும் துண்டு துண்டாகிவிட்டது. டார்ச் அடித்தால் தண்ணீர் கஞ்சி போல இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, துண்டுகளை வலையால் அள்ளி, விஷத்தை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் பழைய சாக்ஸில் கட்டி ஃபில்டரில் போட்டேன். மூடி வைத்திருந்த 40 லிட்டர் கடல் தண்ணீரையும் மாற்றினேன். அப்படியும் மதியம் சோதித்தபோது, செத்தது அழுகி வரும் அமோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. கடல் தண்ணீரின் காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 8.2 பக்கம் இருப்பதால் இங்கே அமோனியாவின் விஷம் இன்னும் கடுமை.

கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் வள்ளியாறு கலக்கும் கடியப்பட்டணம் பக்கமெல்லாம் கலங்கிக் கிடந்தது. கரையில் மோந்த தண்ணீரில் உப்பு குறைந்து அடர்த்தி 1.018 தான் இருந்தது. வேண்டியது 1.025. மறுநாள் வள்ளத்தில் போன மச்சினன் ஆழக் கடலிலிருந்து இரண்டு கேன் கொண்டுவந்தான். மற்ற மீன்கள் பிழைத்தது அதனால்தான். இறால் செத்துவிட்டது. கோமாளி மீன் ஜோடியில் பெரியதும் போய்விட்டது.

நீ முதல் நாளே வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்சு உறை போட்டுவிடு. கரண்டு போனதும் பிளக்கைப் பிடுங்கு. சாமந்தி எங்கே இருக்கிறதென்று பார்த்த பிறகு மாட்டு. கல் பவளம் யார் விற்றாலும் வாங்காதே, 2001 முதல் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். அப்புறம், பட்டன் பாலிப் என்ற சின்னக் கடல் உயிர் ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே போடாதே. அதிலுள்ள பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் ஆவியோடு கலந்து, சின்ன வீட்டில் எல்லோரையும் படுக்க வைத்துவிடும்.

மிஞ்சிய சின்னக் கோமாளி மீன், தன் வீடான சாமந்தி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது, பார்க்கப் பொறுக்கவில்லை. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரும், ஜோடியில் பெரியது பெண்ணாகும். பெண் போனால் இருக்கும் ஆண் பெண்ணாக மாறும். ஆகவே இதைவிடச் சின்னக் குஞ்சைத்தான் துணைக்கு விட வேண்டும். அரையாண்டு லீவுக்கு வருவாய்தானே, உன் கையாலேயே விடு.

அன்புடன்,
உன் நண்பன்