ஒழுகும் இடம் வேறு, நீர் இறங்கும் இடம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வீட்டை நாமே பழுது பார்த்துப் பராமரிப்பது பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த குறிப்புகளைப் படித்தேன். பெரும்பாலானவை பயனுள்ளவை. ஆனால் மாடி ஒழுகினால் தளம் முழுவதும் வாட்டர் புரூஃப் பெயின்ட் இரண்டு கை அடித்துவிடுவதே முதல் வேலை என்று அதில் சொல்லப்பட்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முதல் வேலையை நான் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்துச் செய்து பார்த்துவிட்டேன் என்பதால், அந்த அனுபவத்தைத் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கும்பகோணத்தில் உள்ள என் வீடு 1994இல் கட்டியது; மாடி ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. மூன்று மழைக்காலங்களாகக் கூடத்தின் வடகிழக்கு மூலையில் மேல்தளம் ஓதம் காத்து, காசு அளவில் தொடங்கிய கறை தாம்பாளம் அளவுக்கு வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்தேன். அவருடைய ஆட்கள் தளத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை நிறப் பூச்சு அடித்து, ஐந்தாண்டு உத்தரவாதம் என்று அச்சிட்ட அட்டை ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கார்த்திகையில் அதே மூலையில், அதே இடத்தில் சொட்டியது. ஒப்பந்தக்காரரின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் நானே மாடிக்குச் சென்று, மழைநீர் வடியும் குழாயின் வாயருகே உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் முக்கில், நான்கு இலை விட்ட அரசங்கன்று ஒன்று நின்றது. மெல்ல இழுத்தபோது ஒரு முழ நீளத்துக்கு வேர் வந்தது. வேர் வந்த வழியில் பார்த்தால், பி.வி.சி. குழாய்க்கும் அதைச் சுற்றிப் பூசிய சிமென்டுக்கும் இடையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வெள்ளைப் பூச்சு அந்த இடைவெளியின் விளிம்பு வரை மிக ஒழுங்காக அடிக்கப்பட்டிருந்தது. தளத்தில் விழுந்த மழை முழுவதும் ஓடி வந்து சேரும் ஒரே இடம் அதுதான்; அதை விட்டுவிட்டு மீதி ஆயிரம் சதுர அடிக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பது நம் ஊர் மாடிகள் கட்டப்பட்டிருக்கும் விதத்தை அறிந்தால் விளங்கும். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் அளவுக்கு ஒரு படுகை போட்டு, வடிகுழாயை நோக்கி வாட்டம் கொடுத்து, அதன்மேல் தட்டோடு பதித்து, ஓடுகளின் சந்துகளைப் பூசுவார்கள். சுருக்கி போடுவது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். ஓட்டின் சந்து ஒன்று விட்டுப்போனால் அதன் வழியாக இறங்கும் நீர் நேரே கீழே விழுவதில்லை. ஜல்லிப் படுகைக்குள் நுழைந்து, கான்கிரீட்டின் மேற்பரப்பிலேயே வாட்டம் பார்த்து நகர்ந்து, எங்கே ஒரு விரிசலோ, மின்விசிறி மாட்டும் பெட்டியோ, ஒயர் செல்லும் குழாயோ கிடைக்கிறதோ அங்கே வந்து சொட்டுகிறது. ஆகவே கூடத்தில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே மாடியில் தேடுவது பல நேரங்களில் வீண் வேலை. அந்த இடத்திலிருந்து வாட்டத்தின் மேட்டுப் பக்கமாகவும், வடிகுழாய் பக்கமாகவும் தேட வேண்டும்.

தேடுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். புதுத் தளம் போட்டதும் நீராற்றுவதற்காகக் கொத்தனார்கள் கட்டுவார்களே, அதே போன்ற பாத்திதான் போதும். சந்தேகப்படும் இடத்தைச் சுற்றி, நான்கடிக்கு நான்கடி, களிமண்ணாலோ மெலிந்த சிமென்ட் கலவையாலோ இரண்டு அங்குல உயரத்துக்கு வரப்பு கட்டி, தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுவதும் நிறுத்திவைத்து, கீழே கறை நனைகிறதா என்று பார்க்க வேண்டும். நனையவில்லை என்றால் அந்தப் பாத்தியை உடைத்துவிட்டு அடுத்த இடம். நான் மூன்றாவது பாத்தியில் என் குற்றவாளியை உறுதி செய்துகொண்டேன். அது வடிகுழாய் வாயைத் துணி அடைத்துக் கட்டிய பாத்தி. மாடி முழுவதையும் ஒரே நேரத்தில் குளமாக்கிச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. ஆயிரம் சதுர அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் அது நாலரை டன்னுக்கு மேல் எடை. முப்பது, நாற்பது வயதான தளத்தின் மேல் அதைச் சுமத்துவதற்கு முன் பொறியாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மழையே இல்லாத பங்குனி, சித்திரையிலும் ஓதம் காயவில்லை என்றால் குற்றம் மாடியில் இல்லை. தண்ணீர்க் குழாயிலோ, குளியலறைத் தரையிலோ, மேல்நிலைத் தொட்டியிலோ இருக்கிறது. கழிப்பறை ஃபிளஷ் தொட்டி கசிகிறதா என்று அறிய, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நான்கைந்து துளியை அதில் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்துவிட்டது என்று பொருள். சொட்டும் குழாயைச் சிறிய விஷயமென்று விட்டுவிடுபவர்கள் அதன் கீழே ஒரு டம்ளரை வைத்துப் பார்க்கட்டும். எங்கள் கொல்லைப்புறக் குழாய் இருநூறு மில்லி டம்ளரைக் கால் மணி நேரத்தில் நிரப்பியது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்தொன்பது லிட்டர். பழைய பித்தளைக் குழாயானால், கேட் வால்வை மூடிவிட்டு, தலையைக் கழற்றி, சில ரூபாய் வாஷரை மாற்றினால் முடிந்தது. கால் திருகலில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களுக்கு இந்த வாஷர் கிடையாது; உள்ளே இருக்கும் உருளையை முழுவதுமாக எடுத்துச் சென்று கடையில் காட்டி, அதே அளவில் வாங்க வேண்டும்.

வடிகுழாய் வாயை நான் சரிசெய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். விரிசலின் மேலேயே சிமென்டைக் குழைத்துத் தடவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு; அது அடுத்த வெயிலில் பொருக்காக எழுந்துவிடும். பழைய கலவையை உளியால் ஆப்பு வடிவில் வெட்டி, தூசியை ஊதி எடுத்து, இடத்தை நன்றாக நனைத்து, முதலில் சிமென்ட் பால் தடவி, பிறகு ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் சலித்த மணல் கலந்த கலவையை அழுத்தி அடைத்து, தளமும் சுவரும் சேரும் முக்கை வளைவாக இழைத்துவிட்டேன். குழாயும் சிமென்டும் தொடும் கோட்டில் மட்டும், இழுபடும் தன்மையுள்ள அடைப்புப் பசையை வைத்தேன். பிளாஸ்டிக்கும் சிமென்டும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் அந்த இடத்தில் வெறும் சிமென்ட் நிற்காது. ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் நீராற்றினேன். கடையில் வாங்கிய பொருள்களுக்கு அறுநூறு ரூபாய்க்குள் ஆயிற்று. அதன் பிறகு வந்த மழையில் மூலை நனையவில்லை. பெயின்டே கூடாது என்பது என் கட்சியல்ல. சந்துகளும் மூட்டுகளும் சரியாக அடைக்கப்பட்ட தளத்துக்கு மேல் அடித்தால் அது வெப்பத்தைக் குறைக்கும், தளத்தின் ஆயுளையும் கூட்டும்.

அரசங்கன்றைப் பற்றி ஒரு வார்த்தை. பறவைகள் எச்சத்தில் போடும் விதை எந்த ஈரச் சந்திலும் முளைத்துவிடுகிறது. அரசு தெய்வ மரம், பிடுங்கினால் பாவம் என்று தயங்குபவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு இலைப் பருவத்தில் வேரோடு எடுத்துக் குளக்கரையில் நட்டுவிடுங்கள் என்பதுதான். வளர்ந்து வேர் தடித்துவிட்டால், தண்டை மட்டும் வெட்டினால் அது மறுபடியும் துளிர்க்கும். வேரை எடுக்கக் கைப்பிடிச் சுவரையே உடைக்க வேண்டிவரும்.

இப்போது ஆவணி மாதம். அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் கேட்கும்போது நமக்கு அது ஒரு எண்ணாகத் தோன்றுகிறது. ஆனால் ஆயிரம் சதுர அடி மாடியில் அது ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல், அதாவது ஒரு டேங்கர் லாரித் தண்ணீர், நாலங்குலக் குழாய் வழியாக இறங்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது நம் மாவட்டத்து ஒரத்தநாட்டில் ஒரே நாளில் பெய்தது 66 சென்டிமீட்டர். குழாய் வாயில் பிள்ளைகளின் பந்தோ, பாலிதீன் பையோ, வேப்பஞ்சருகோ அடைத்திருந்தால் அந்த நீர் தேங்கி, இத்தனை நாள் உறங்கிக்கிடந்த சந்துகள் எல்லாவற்றிலும் நுழையும். குழாய் வாய்க்கு நெருக்கமான கொசுவலை கட்டுவது பயன் தராது, சருகு அதிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். கவிழ்த்த கிண்ணம் போன்ற அகலக் கண் கம்பிக்கூடுதான் ஏற்றது.

ஓதம் காத்த சுவரைப் பொறுத்தவரை, காயாத சுவரில் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பது பணத்தைச் சுவரில் ஒட்டி உரிப்பதற்குச் சமம். பூத்திருக்கும் வெள்ளை உப்பை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கீழே தள்ளி, அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

நாம் கைவைக்கக் கூடாத வேலைகளையும் தங்கள் குறிப்புகள் சற்று அழுத்தமாகவே சொல்லியிருக்கலாம். மேல்தளத்தைக் கம்பின் நுனியால் தட்டும்போது பொள்ளென்று சத்தம் வந்தாலோ, துருக்கறையுடன் கம்பிக்கு இணையாக விரிசல் ஓடினாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைப் போல இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதன்மேல் கலவை பூசி மறைத்தால் என்றாவது ஒரு நாள் அது பெயர்ந்து தலையில் விழும்; அது பொறியாளர் பார்க்க வேண்டிய பழுது. மின்விசிறிப் பெட்டி வழியாக நீர் சொட்டினால் சுவிட்சைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை அழைக்க வேண்டும். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் தானே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. கருவி பல வீடுகளில் இருக்கிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அழுத்தியும் அது விழவில்லை என்றால் அந்தக் கருவி இருந்தும் இல்லாததுதான். செப்டிக் டாங்கிலோ, நெடுநாள் மூடிக்கிடந்த தரைத் தொட்டியிலோ நாமும் இறங்கக் கூடாது, கூலிக்கு ஆளையும் இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஆளைக் கூவக்கூட விடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டாங்கில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் வாசகர்களுக்கு நினைவூட்டலாம்.

எங்கள் ஊரில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த அந்தச் சுண்ணாம்புத் தளத்தில் சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்டால் இரண்டும் சேராது. அத்தகைய வீட்டுக்காரர்கள் நான் மேலே சொன்ன முறையைப் பின்பற்றாமல், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாடிப் பழுது பற்றிய குறிப்புகள் வழக்கமாக ஐப்பசியில், மழை தொடங்கிய பிறகுதான் இதழ்களில் வருகின்றன. அப்போது கலவை காயவும் வழியில்லை, கொத்தனாரும் கிடைப்பதில்லை. இவ்வாண்டு ஆவணியிலேயே வெளியிட்டதற்கு நன்றி. அடுத்த ஆண்டு ஆனி, ஆடியிலேயே, பாத்தி கட்டிச் சோதிக்கும் முறையையும் வடிகுழாய் மூட்டு அடைக்கும் முறையையும் படங்களுடன் வெளியிட்டால், ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன் எங்களைப் போன்றவர்கள் ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியன்,
கும்பகோணம்.