குளிசைதானே என்று இருந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்க்கு ஊசி ஏற்றப் பயப்படுகிறவர்கள் குளிசைக்குப் பயப்படுவதில்லை. மட்டக்களப்பில் கிளினிக் முடித்து, கெப்பசிட்டபீன் என்ற புற்றுநோய்க் குளிசையை வாங்கிக்கொண்டு வாகரைக்கோ வெல்லாவெளிக்கோ போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

காலையும் இரவும், 12 மணித்தியால இடைவெளியில், சாப்பிட்டு 30 நிமிடத்துக்குள் தண்ணீருடன் முழுதாக விழுங்க வேண்டும். பெரும்பாலும் 14 நாள் குடித்து 7 நாள் ஓய்வு. மிஞ்சிய குளிசையை ஓய்வு நாளில் குடித்து முடிப்பது பெரும்பிழை. உடல் தேறுவதற்கான நாட்கள் அவை. கலண்டரில் தொடங்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் வட்டமிடுங்கள். ஒரு வேளைக் குளிசை தவறினால் அடுத்தவேளை இரட்டிப்பாகக் குடிக்கக் கூடாது. வாந்தி எடுத்தாலும் அப்படித்தான், திரும்பக் குடிக்க வேண்டாம்.

உரலில் இடித்துக் கொடுப்பதைக் கைவிடுங்கள். தூள் இடிப்பவரின் கையிலும் மூச்சிலும் சேரும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

வழமையைவிட நாளுக்கு 4 தடவை கூடுதலாக வயிற்றோட்டம், உள்ளங்கை சிவந்து நோவு, சாப்பிட விடாத வாய்ப்புண், 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனடோலால் காய்ச்சலை அமுக்கிவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். வார்பரின் (இரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பது), போலிக் அமிலம் (ஒரு விற்றமின்) குடிப்பவர்கள் முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து உறையில் நிறுத்தும் திகதியையும் தமிழில் எழுதித் தருவார்களா?

வாசகர்,
கல்லடி