ஆயில் எந்த கிரேடு என்று பில்லில் எழுதுங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்துக் கார் சர்வீஸ் சென்டர் மேலாளர்களுக்கும், கவுன்டரில் ஜாப் கார்டு போடும் சர்வீஸ் அட்வைசர் தம்பிகளுக்கும்,

வணக்கம். நம்ம பக்கம் டீசலை விட்டுவிட்டு டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) உள்ள பெட்ரோல் எஸ்யூவிக்கு மாறியவர்கள் நிறையப் பேர். ஆனால் பழைய வண்டி வாங்கப் போகும் இடத்தில் இன்னமும், "டர்போ பெட்ரோலா? எதுக்கும் யோசிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்கிறார்கள். இந்தக் கெட்ட பெயரில் பெரும்பங்கு சர்வீஸைச் சேர்ந்தது என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் 115 பிஎஸ் (குதிரைத்திறன்), 144 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) தருகிறது. கிட்டத்தட்ட அதே அளவுள்ள 1,482 சிசி டர்போ, 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். அந்த டார்க்கும் 1,500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடச் சுற்று) வந்து 3,500 வரை அப்படியே நிற்கிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி700-இன் 2 லிட்டர் பெட்ரோல் இன்னும் ஒரு படி மேலே: 200 பிஎஸ், 380 நியூட்டன் மீட்டர். இந்த உபரி பலம் சும்மா வரவில்லை. 900 டிகிரியைத் தொடக்கூடிய புகை டர்போவின் டர்பைனைச் சுழற்றுகிறது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். பிஸ்டனுக்கு வழுவழுப்பு தரும் அதே ஆயில்தான் டர்போவின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. இப்படிப்பட்ட ஆயிலை உங்கள் பில்லில் 'இஞ்சின் ஆயில் – சிந்தடிக்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். கிரேடு (ஆயிலின் தடிமன்) என்ன, தரம் என்ன, ஒன்றும் கிடையாது.

அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. வண்டியோடு தரும் கையேட்டில் பொதுவாக இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது கடுமையான ஓட்டத்துக்கு. கண்ணாடியில் நீங்கள் ஒட்டிவிடும் ஸ்டிக்கர் எப்போதும் முதலாவதன்படிதான். கடுமையான ஓட்டம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்? புழுதி, மணல், மலையேற்றம், கொளுத்தும் வெயிலில் நெரிசல், அடிக்கடி குறுந்தூரம் ஓட்டுவது, உப்பு படும் இடம், உறைபனிக் குளிர். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துச் செம்மண் புழுதி; காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வண்ணார்பேட்டையில் ஏசி போட்டு நிற்பது; உவரிக் கடற்கரைக் காற்று. உறைபனியைத் தவிர மற்ற எல்லாம் நமக்கு உண்டு! ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் ரோட்டில் போய்ப் பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வண்டியை முகத்தோடு அறைகிறது. நூறில் போவதற்கே டர்போ ஓயாமல் வேலை செய்கிறது. அதனால் இந்த வட்டார வண்டிகளுக்கு இரண்டாவது அட்டவணைதான் நியாயம். சீக்கிரம் ஆயில் மாற்றினால் வாரன்டி போய்விடாது என்பதையும் வாடிக்கையாளருக்கு நீங்களே சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் வண்டியை விட்ட ஒரு சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தேன். பையன் ஃபில்டரைத் தரையில் இரண்டு தட்டு தட்டினான். சிவப்பாக மண் உதிர்ந்தது. கம்ப்ரெஸர் குழாயை ஒட்டவைத்து ஏர் அடித்தான், தூக்கிப் போட்டு மூடினான். "ஏர் அடிச்சு விட்டுருக்கு அண்ணாச்சி, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கிடலாம்" என்று பதில். அவ்வளவு அழுத்தமாக அடித்தால் தாளில் ஓட்டை விழும். அதன் வழியாக நுழையும் பொடி மணல் முதலில் டர்போவின் கம்ப்ரெஸர் இறக்கையைத் தேய்க்கும், பிறகு சிலிண்டருக்குப் போகும். ஃபில்டர் விலை எவ்வளவு, டர்போ விலை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

ஆயில் தரம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும்போது ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்கள் அநேகம். குறைந்த சுற்று, அதிகச் சுமை. பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் அந்த நிலையில், பிளக் பொறி விடும் முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துபோகும் அளவுக்கு அழுத்தம் எகிறும். சிலிண்டருக்குள் வரும் ஆயில் துளியும் ஆயிலில் சேர்க்கும் கால்சியமும் இதற்கு ஒரு காரணம் என்று கண்ட பிறகுதான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020-இல் ஏபிஐ எஸ்பி என்ற தரங்கள் வந்தன. கிடங்கில் மிச்சம் கிடக்கும் பழைய தர ஆயிலை ஊற்றினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்டில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள்தான் ஓடுகிறது. அந்தப் பழைய ஈக்கோஸ்போர்ட்டுகள் கைமாறிக் கைமாறி இங்கேயும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தப்பான ஆயிலில் பெல்ட் ரப்பர் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால், இஞ்சின் காலி.

இதையெல்லாம் விட்டுவிட்டு பேக்கேஜ் விற்பதில் மட்டும் குறைவில்லை. டேங்கில் ஊற்றும் கிளீனர் வால்வு கார்பனை எடுத்துவிடும் என்று சொல்லி விற்காதீர்கள். நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள்தான் தெளிக்கிறது. இன்டேக் வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. அங்கே படியும் கார்பனை எடுக்க, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இஞ்சினை ஆற்றும் கூலன்ட் டாப்-அப்புக்கு போர் தண்ணீர் பிடிக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். பல வண்டிகளில் அந்தக் கூலன்ட்தான் டர்போவைச் சுற்றி ஓடுகிறது. நம்ம ஊர் உப்புத் தண்ணீர் அங்கே காரையாகப் படியும். சில வண்டிகளில் இஞ்சினை அணைத்த பிறகும் உர்ரென்று சத்தம் வரும். டர்போவை ஆற்ற எலக்ட்ரிக் பம்ப் ஓடுகிற சத்தம் அது. பயந்துபோய் வருகிறவரிடம் பில் போடாமல் விளக்கிச் சொல்லி அனுப்புங்கள். பம்ப் இல்லாத வண்டிக்காரரிடம், நாற்கரச் சாலையில் விரட்டி வந்து வள்ளியூர் டீக்கடையில் நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கச் சொல்லுங்கள். அணைத்த மறுநொடி ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு மட்டும் அங்கேயே இருக்கும்; தேங்கிய ஆயில் கரியாகும்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். பில்லில் ஆயிலின் பிராண்டு, 0டபிள்யூ-20 மாதிரி கிரேடு, ஏபிஐ தரம், ஊற்றிய லிட்டர் நான்கையும் அச்சடியுங்கள். டின்னை வாடிக்கையாளர் எதிரில் திறங்கள். ஜாப் கார்டில் 'புழுதி, மலை, குறுந்தூரம்' என்று மூன்று கட்டம் போட்டு, அவர் சொல்வதற்கு ஏற்ப அடுத்த சர்வீஸ் தேதியைக் குறியுங்கள். ஆடிக்காற்று தொடங்கும் முன் இதைச் செய்தால் நல்லது. புழுதி அப்போதுதான் அதிகம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டர்போ பெட்ரோல் வண்டிக்காரன்