நாகர்கோவிலிலும் ஒரு கோட்பாட்டுப் பயிலரங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டக் கல்லூரிகள் சிலவற்றில் ‘சர்வதேச மாநாடு’ என்பது, மாணவர் கட்டணம் செலுத்தி, பத்து நிமிடம் பேசி, சான்றிதழ் பெற்றுச் செல்லும் சடங்காகிவிட்டது வருத்தத்திற்குரியது. கணினியால் எதை, எவ்வளவு விரைவாகக் கணக்கிட முடியும் என்பதைக் கணித வழியில் ஆராயும் கோட்பாட்டுக் கணினியியலில் மாநாட்டுக்கு உள்ள மதிப்பே வேறு. அங்கே கட்டுரைகளை வல்லுநர் குழு படித்து, பெரும்பகுதியை நிராகரித்த பின்னரே மேடை கிடைக்கும். விடையை விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகளையெல்லாம் விரைவாகத் தீர்க்கவும் முடியுமா என்பதே, இன்றுவரை விடை காணப்படாத ‘பி–என்பி’ கேள்வி. அதற்கு வித்திட்ட கட்டுரையை, கணினியியல் அறிஞர் ஸ்டீபன் குக் 1971-இல் அமெரிக்காவில் நடந்த ‘ஸ்டாக்’ (STOC) என்னும் இத்துறை மாநாட்டில்தான் அளித்தார்.

நம் நாட்டிலும் 1981 முதல் ‘எஃப்எஸ்டிடிசிஎஸ்’ (FSTTCS) என்னும் கோட்பாட்டுக் கணினியியல் மாநாடு நடந்துவருகிறது; அதன் அண்மைக்காலக் கட்டுரைகளை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. இத்துறைக்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் கண்டறியும் வழியை, 2002-இல் கான்பூர் ஐஐடியில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலுடன் சேர்ந்து கண்டவர்கள், அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் ஆவர். தக்கலையிலும் குளச்சலிலும் அத்தகைய இளைஞர்கள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

சென்னைக்கு இரவு முழுவதும் ரயிலில் செல்ல வேண்டிய தொலைவில் உள்ள எங்கள் மாணவர்களுக்காக, அங்குள்ள கணித அறிவியல் நிறுவனமும் சென்னை கணிதவியல் நிறுவனமும் நாகர்கோவிலில் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றை நடத்த முன்வர வேண்டும். கல்லூரி நிர்வாகங்களும் சான்றிதழ் மாநாடுகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை, தேர்ந்த மாணவர்களின் பயணச் செலவுக்கு ஒதுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.