கயலுக்கு: லைட் பாக்ஸ் செய்வது பற்றி

அன்புள்ள கயல்,

ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி வைத்து டிரேஸ் செய்கிறாய், தோள் வலிக்கிறது என்கிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். வலிக்காமல் என்ன செய்யும்? செங்குத்தாக நிற்கும் தாளில் கையை அந்தரத்தில் வைத்து வரைந்தால் கோடும் நடுங்கும், பால்பாயிண்ட் பேனாவில் மையும் இறங்காது. மேகம் வந்தால் வெளிச்சமும் போய்விடும். ஒரு லைட் பாக்ஸ், அதாவது தாளுக்கு அடியிலிருந்து வெளிச்சம் தரும் பெட்டி, செய்துகொள். உன்னாலேயே முடியும்.

டிரேஸ் செய்தால் அது சொந்தப் படம் இல்லை என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ டிரேஸ் செய்வது உன்னுடைய கரட்டுப் படத்தைத்தான். அடித்துத் திருத்தி அழித்த தாளிலிருந்து நல்ல கோட்டை மட்டும் எடுத்து, அழிரப்பர் படாத புதுத் தாளுக்குக் கொண்டுபோகிறாய். 1914இல் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே ‘கெர்டி’ என்ற டைனோசரைத் திரையில் நடக்கவிட்டபோது, அவருடைய ஆயிரக்கணக்கான படங்களிலும் பின்னணிக் கோடுகளை ஓவிய மாணவர் ஒருவர் மெல்லிய தாளில் திரும்பத் திரும்ப டிரேஸ் செய்தார். நம் ஊர் ஆஃப்செட் அச்சகங்களிலும், கணினியிலிருந்து நேராக அச்சுத் தகடு எடுக்கும் முறை வரும்வரை, பிலிம் ஒட்டுகிறவர்கள் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில்தான் வேலை பார்த்தார்கள்.

ஏ4 அளவில், சாதாரண வெள்ளைத் தாளில் மட்டும்தான் வரைவாய் என்றால் கடையில் விற்கும், யுஎஸ்பியில் எரியும் மெல்லிய லைட் பேடே போதும். ஆனால் நீ வாட்டர் கலருக்குப் போய்விட்டாய். 300 ஜிஎஸ்எம் எடையுள்ள தடித்த தாள், ஏ3 அளவு. அதற்குப் பெட்டிதான் சரி.

உள்ளளவு 44 செ.மீ நீளம், 32 செ.மீ அகலம், 8 செ.மீ ஆழம். பிளைவுட்டில் அடிக்கலாம், பழைய மேசை டிராயர் கிடைத்தால் இன்னும் நல்லது. உட்புறம் முழுக்கப் பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட். விளக்குக்குச் சுருளாக விற்கும் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், வெள்ளை நிறம், மீட்டருக்கு 60 எல்இடி உள்ளது. அதில் மூன்று எல்இடிக்கு ஒருமுறை, அதாவது 5 செ.மீக்கு ஒரு வெட்டுக்குறி இருக்கும். அந்தக் கோட்டில் மட்டும் வெட்டு. 40 செ.மீ துண்டுகள் ஐந்து, 6 செ.மீ இடைவெளியில் அடிப்பலகையில் ஒட்டு. ப்ளஸ்ஸை ப்ளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் ஒயரால் இணைத்து ஈயத்தால் பற்றவைக்க (சால்டர் செய்ய) வேண்டும். மொத்தம் 2 மீட்டர். சுருளில் மீட்டருக்கு 10 வாட் என்று போட்டிருந்தால் 20 வாட் ஆகிறது, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தாங்கும். சூட்டில் ஸ்ட்ரிப்பின் பசை விட்டுவிடும், அதனால் அங்கங்கே ஒரு சின்ன கிளிப் வைத்து ஸ்க்ரூ அடித்துவிடு. 230 வோல்ட் பல்பைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது, பிடிவாதமாகச் சொல்கிறேன்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஆழம்தான். பெட்டி ஒல்லியாக அழகாக இருக்கட்டும் என்று எல்இடியை, தாள் வைக்கும் மேல்தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார்கள். அப்புறம் தாளுக்கடியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும், கோடு எது புள்ளி எது என்று கண் தடுமாறும். இரண்டு வரிசைக்கு நடுவே எவ்வளவு தூரமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது எல்இடிக்கும் மேல்தகட்டுக்கும் இருக்க வேண்டும். 6 செ.மீ இடைவெளிக்கு 8 செ.மீ ஆழம் சொன்னது அதனால்தான். வெளிச்சம் போதவில்லை என்று ஸ்ட்ரிப்பைக் கூட்டுவதற்கு முன் இந்தத் தூரத்தை அளந்து பார்.

மேல்தகடாக 5 மி.மீ பால்வெள்ளை அக்ரிலிக் பிளாஸ்டிக். நேம் போர்டு செய்யும் கடையில் வெட்டுத்துண்டு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் அதே கனத்தில் கண்ணாடி வாங்கி, அடிப்பக்கம் டிரேசிங் பேப்பர் ஒட்டு. விளிம்பை உரசித் தரச் சொல்ல மறக்காதே, கை கிழிந்துவிடும். பெட்டியின் பின்பக்கம் ஒரு கட்டை கொடுத்துச் சாய்த்து வை, கழுத்து தப்பிக்கும்.

வரையும்போது அறை விளக்கை அணைத்துவிடு. கரட்டுப் படத்தின் கோடுகளை முதலில் கறுப்புப் பேனாவால் அழுத்தமாக ஒருமுறை இழு. தடித்த தாள் வழியாகப் பென்சில் கோடு தெரியாது. தாளுக்கு வெளியே வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் கறுப்பு சார்ட்டால் மூடு. அந்த ஓர வெளிச்சம் கண்ணைக் கூசவைப்பதால்தான் தாளுக்குள் இருக்கும் கோடு மங்கலாகத் தோன்றுகிறது. மூடியதும் வித்தியாசம் உடனே தெரியும். மேல்விளிம்பில் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டினால், தாளை அவ்வப்போது தூக்கிச் சரிபார்க்கலாம். 2எச் போன்ற கடினமான பென்சில் வேண்டாம், வாட்டர் கலர் தாளைக் கீறிவிடும். எச்பி பென்சிலை மெதுவாகப் பிடி. நிழலை டிரேஸ் செய்யாதே, அதைப் பிரஷ்ஷுக்கு விட்டுவிடு.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஆசைப்படுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். அது பலகையில் வரைவது. பலகைக்குள் வெளிச்சம் போகாது, அதற்கு இந்தப் பெட்டி உதவாது, கார்பன் தாள்தான். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அக்ரிலிக் வெட்டச் சொல்வதற்கு முன் உன் பெட்டியின் வெளியளவை அளந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா